முதல் கப்பலை எப்படித் தேர்ந்தெடுப்பது? – ஒரு விண்வெளி விளையாட்டுப் பாடம்



போன தாளில் வர்க்கமூலம் காண்பது எப்படி என்று நம் கணக்குக் குழு எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு நானும் ஒரு பாடம் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, ஆனா உனக்கு நல்லாத் தெரிஞ்சதை மட்டும் எழுது" என்றார் அறிவியல் ஐயா. எனக்கு நன்றாகத் தெரிந்தது விண்வெளிக் கப்பல் விளையாட்டுதான். அதையே எழுதுகிறேன். விளையாட்டு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். உள்ளே எடை, மின்சாரம், பெருக்குத் தொடர், நட்சத்திரம் எல்லாம் இருக்கு. என் கதையும் கொஞ்சம் இருக்கு. அது சிரிப்பு வருகிற கதை, எனக்கு மட்டும் வராது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1984 செப்டம்பரில் இங்கிலாந்தில் 'எலீட்' என்ற விளையாட்டு வந்தது. எழுதியவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள். பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டருக்காக எழுதினார்கள். அதில் இருந்த மொத்த நினைவகமே 32 கிலோபைட். இன்றைக்கு நாம் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்குக்கூட அது போதாது. அதற்குள் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக 2,048 கோள்களை வைத்தார்கள். எல்லாவற்றையும் எழுதி வைக்க இடம் ஏது? ஒரு சின்ன எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து அடுத்த எண், அதிலிருந்து அடுத்தது என்று கணக்குப் போட்டே கோளின் பெயர், இடம், விலைவாசி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே உண்டாக்கிக்கொள்ளும்படி செய்தார்கள்.

அந்த எலீட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஒரே கப்பல், 'கோப்ரா மார்க் 3'. கையில் 100 கிரெடிட், 20 டன் சரக்கு இடம், முன்னால் ஒரு லேசர், மூன்று ஏவுகணை. கப்பலை மாற்ற முடியாது, அதில் என்ன மாட்டுவது என்பதை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். 400 கிரெடிட் கொடுத்தால் சரக்கு இடம் 35 டன் ஆகும். 1,500 கொடுத்தால் நிலையத்துக்குள் தானே ஓட்டிச் சென்று நிறுத்தும் கம்ப்யூட்டர். பார்த்தால் முதலாவதுதான் லாபம் என்று தோணும். ஆனால் அந்த நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வாசல் ஒரு தபால்பெட்டி வாய் மாதிரி நீளமான இடுக்கு. கப்பலையும் அதே வேகத்தில் உருட்டிக்கொண்டு நுழைய வேண்டும். கொள்ளைக்காரன் கையில் மாட்டாமல் வந்துவிட்டு, வாசலில் மோதிச் செத்தவர்கள் ஏராளம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

அதே பிரேபனின் நிறுவனம் 2014 டிசம்பர் 16-இல் 'எலீட் டேஞ்சரஸ்' என்ற புதிய விளையாட்டை வெளியிட்டது. இதில் நம் பால்வெளி அண்டமே இருக்கிறது, சுமார் 40,000 கோடி நட்சத்திரங்களோடு. கப்பல்களும் பல வகை. என் அண்ணன் விளையாடுவது இதைத்தான். அவன் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு நானும் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கீழே வரும் விலையெல்லாம் அண்ணனின் நோட்டில் இருந்து எடுத்தது.

ஆரம்பத்தில் எல்லோருக்கும் கிடைப்பது 'சைட்வைண்டர்'. ரொம்பச் சின்னக் கப்பல். உடல் எடை 25 டன், ஆயுதம் மாட்ட இரண்டு சின்ன இடம், எரிபொருள் தொட்டி 2 டன். விலை 32,000 கிரெடிட், ஆனால் நமக்கு இலவசம். நொறுங்கிப் போனாலும் வேறொன்று இலவசமாகத் தருவார்கள். அதனால் எல்லாருக்கும் அதன்மேல் ஒரு இளக்காரம், எப்போடா இதைத் தள்ளிவிட்டு அடுத்ததை வாங்கலாம் என்று பறப்பார்கள். நான் சொல்வேன், பறக்காதீங்க. கப்பலை எப்படி மாற்றி அமைப்பது என்பதைப் படிக்க இதைவிட நல்ல கரும்பலகை கிடையாது.

எந்தப் பாகத்துக்கும் இரண்டு அடையாளம் உண்டு. ஒன்று அளவு, அது எண். இன்னொன்று தரம், அது எழுத்து: இ, டி, சி, பி, ஏ. 'இ' மட்டம், 'ஏ' உசத்தி. இங்கேதான் புதுசா வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பரீட்சை கிரேடு மாதிரி 'டி' என்றால் மோசம் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை! 'டி' என்பது எல்லாவற்றிலும் எடை குறைந்தது. 'பி' என்பது எடை கூடியது, ஆனால் அடி தாங்கும். 'சி' நடுத்தரம், கொடுத்த காசுக்கு மோசமில்லை. 'ஏ' வேலையில் கெட்டி, விலையிலும் கெட்டி. உதாரணமாக 1-ஆம் அளவு சென்சார் 'இ' தரத்தில் 1.3 டன். 'டி' வாங்கினால் அரை டன்தான்.

ஒரு டன் குறைந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். விண்வெளியில் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போக ஒரு தாவல் எஞ்சின் இருக்கும். அது ஒரு தாவலில் எவ்வளவு தூரம் போகும் என்பது கப்பலின் மொத்த எடைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். எடை இரண்டு மடங்கானால் தூரம் பாதி. நம்ம ஒன்பதாம் வகுப்புக் கணக்குத்தான். சைட்வைண்டரின் 'இ' தர எஞ்சினுக்கு அந்த எண் சுமார் 354. அதாவது 354-ஐ மொத்த எடையால் வகுத்தால் எத்தனை ஒளியாண்டு என்று வந்துவிடும். எஞ்சின் தரம் கூடக் கூட அந்த எண்ணும் கூடும்: டி 418, சி 520, பி 671, ஏ 779.

எல்லாம் மாட்டி, தொட்டி நிரப்பிய சைட்வைண்டர் சுமார் 45 டன். எஞ்சினை மட்டும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். (பி எஞ்சின் ஒன்றரை டன் கூடுதல், டி எஞ்சின் ஒன்றரை டன் குறைவு. அதையும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.)

இ – விலை 1,980 – 7.9 ஒளியாண்டு
டி – விலை 5,930 – 9.6
சி – விலை 17,800 – 11.6
பி – விலை 53,410 – 14.4
ஏ – விலை 1,60,220 – 17.3

விலையைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு. பெருக்குத் தொடர்! ஆனால் தூரம் அப்படிக் கூடவில்லை. 'இ'-இலிருந்து 'டி'-க்குப் போனால் ஒரு ஒளியாண்டுக்குச் சுமார் 2,300 கிரெடிட் செலவு. 'பி'-இலிருந்து 'ஏ'-க்குப் போனால் அதே ஒரு ஒளியாண்டுக்கு 36,000-க்கு மேல். கப்பல் விலையைவிட அஞ்சு மடங்கு விலைக்கு ஒரு எஞ்சின்! இது எனக்கு முதலில் புரியவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அப்போ கெட்டிக்காரத்தனமான வழி என்ன? எஞ்சினை 'சி' ஆக்குங்கள். மின்நிலையம், உந்துபொறி, உயிர்காப்பு, மின்பகிர்வு, சென்சார் ஐந்தையும் 'டி' ஆக்குங்கள். ஐந்துக்கும் சேர்த்துச் செலவு 15,730 கிரெடிட்தான். எடையில் 5.4 டன் குறைந்துவிடும். இப்போது கப்பல் 39.6 டன். 520-ஐ 39.6-ஆல் வகுத்தால் 13.1 ஒளியாண்டு. 'பி' எஞ்சின் விலையில் மூன்றில் இரண்டு பங்குகூட ஆகவில்லை, தூரம் கிட்டத்தட்ட அதே அளவு. ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்கள் இரண்டு லேசரையும் கழற்றிவிடலாம், இன்னும் 4 டன் மிச்சம்.

அடுத்தது மின்சாரம். சைட்வைண்டரின் 'இ' மின்நிலையம் 6.4 மெகாவாட் தரும். வாங்கியபடியே இருக்கும் கப்பல் எல்லாவற்றையும் ஓட்டினால் 5.24 தான் ஆகும், கவலை இல்லை. சண்டைக்குப் போகலாம் என்று உந்துபொறியையும் ஷீல்டையும் 'ஏ' ஆக்கினால் 7.44 ஆகிவிடும். உடனே ஒவ்வொன்றாக அணைந்துபோகும். மின்நிலையத்தை 'டி' ஆக்கினால் 7.2, அப்பவும் 0.24 பற்றாக்குறை. என்ன செய்வது? அண்ணன் சொல்லிக்கொடுத்த வித்தை இது. சரக்கு அறைக் கதவு சும்மா மூடியிருக்கும்போதே 0.6 மெகாவாட் தின்னும். சண்டை நேரத்தில் சரக்குக் கதவு எதுக்கு? அணைத்துவிட்டால் 6.84. வீட்டில் இன்வெர்ட்டரில் ஓடும்போது அம்மா கிரைண்டரைப் போட விடமாட்டார்களே, அதே கதைதான். எது முதலில் அணைய வேண்டும், எது கடைசிவரை எரிய வேண்டும் என்று 1 முதல் 5 வரை வரிசை எண்ணும் கொடுத்து வைக்கலாம்.

எரிபொருள் பற்றி ஒரு விஷயம், இது அறிவியல் ஐயாவுக்குப் பிடிக்கும். எரிபொருள் அள்ளி என்று ஒரு கருவி உண்டு. அதை மாட்டிக்கொண்டு நட்சத்திரத்தின் பக்கத்தில் பறந்தால் தொட்டி தானாக நிரம்பும். ஆனால் எல்லா நட்சத்திரத்திலும் கிடைக்காது. வானியலில் நட்சத்திரங்களை வெப்பத்தை வைத்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று பிரித்திருக்கிறார்கள். ஓ நீல நிறம், கொதிப்பு அதிகம். எம் சிவப்பு, சூடு குறைவு. நம் சூரியன் ஜி வகை. நாம் திருவாதிரை என்று சொல்லும் நட்சத்திரம் எம் வகையைச் சேர்ந்த செம்பெரு விண்மீன். இந்த ஏழு வகையில் மட்டுந்தான் எரிபொருள் அள்ள முடியும். விளையாடுகிறவர்கள் 'கே.ஜி.பி. ஃபோம்' என்று மனப்பாடம் செய்வார்கள், ஏழு எழுத்தும் அதில் வந்துவிடும். பழுப்புக் குள்ளன் மாதிரி மங்கிய வகைகளில் போய் நின்றால் ஒரு சொட்டுக்கூடக் கிடைக்காது. போகும் வழியில் எந்த வகை நட்சத்திரம் என்று வரைபடத்தில் பார்க்காமல் கிளம்புவது, பெட்ரோல் பங்க் இருக்கா இல்லையா என்று தெரியாத ரோட்டில் போகிற மாதிரி.

இனி என் கதை.

அண்ணன் கோப்ரா மார்க் 3 வாங்க வேண்டும் என்று இரண்டு மாதம் சேர்த்து வைத்திருந்தான். இந்த விளையாட்டில் அதன் விலை 3,49,718. கணக்கில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. ஓட்டிக்கொண்டிருந்தது 'ஹாலர்' என்ற சரக்குக் கப்பல். விலை 52,720. உடல் எடை வெறும் 14 டன், சைட்வைண்டரைவிட லேசு. ஆயுதம் மாட்ட ஒரே இடம், அதுவும் சின்னது. லாரி டிரைவருக்கு எதுக்குத் துப்பாக்கி என்பான் அண்ணன்.

ஹாலரில் நாங்கள் பயன்படுத்திய அறைகள் நான்கு, அளவு 3, 3, 2, 1. சரக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு ஒரு அழகான விதி உண்டு. அறையின் அளவு எண்ணை 2-இன் அடுக்காகப் போடுங்கள். 3 என்றால் 8 டன், 2 என்றால் 4 டன், 1 என்றால் 2 டன். மொத்தம் 22. ஆனால் அண்ணன் 2-ஆம் அளவு அறையில் ஷீல்டு வைத்திருந்தான், அதனால் 18 டன்தான் ஏற்றுவான்.

அவன் ஹாஸ்டலுக்குப் போன வாரம் நான் உட்கார்ந்தேன். பொங்கலுக்கு வரும்போது கோப்ரா வாங்கி நிறுத்தி வைத்து ஆச்சரியப்படுத்தணும் என்று ஆசை. ஷீல்டைக் கழற்றினேன், 4 டன் லாபம். கணக்கில் இருந்த அத்தனை பணத்துக்கும் விலை கூடின உலோகமாக 22 டன் ஏற்றினேன். வழியில் ஒருத்தனும் துரத்தவில்லை. நிலையம் வந்துவிட்டது. அனுமதி வாங்கிவிட்டேன். வாசலில் வலது பக்கம் பச்சை விளக்கு, இடது பக்கம் சிவப்பு. (நிஜக் கப்பல்களிலும் இப்படித்தான், வலப்பக்கம் பச்சை.) எல்லாம் சரியாக இருந்தது. தரையிறங்கும் சக்கரத்தை இறக்கும் பொத்தான் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த வேகமெடுக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன்.

ஒரு நொடி. அவ்வளவுதான். வாசல் ஓரத்துச் சுவரில் மோதி, திரை வெளுத்து, காப்பீட்டுப் பக்கம் வந்துவிட்டது. கப்பலையும் பாகங்களையும் அவற்றின் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்ப வாங்கலாம். சரக்குக்குக் காப்பீடு கிடையாது. ஒரு காசு கிடையாது. அண்ணனின் இரண்டு மாத உழைப்பு அந்த வாசலில் தூளாகிவிட்டது. ஷீல்டு இருந்திருந்தால் முதல் மோதலை அது வாங்கியிருக்கும். கப்பல் தப்பித்திருக்க வாய்ப்பு உண்டு. நான் மிச்சம் பிடித்த 4 டன்னுக்கு 22 டன்னும் போச்சு.

பத்து நாள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. போனில் அண்ணன் "கப்பல் எப்படிடா இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் "நல்லா இருக்கு அண்ணா" என்றேன். கப்பல் நன்றாகத்தான் இருந்தது, பொய் இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. பதினோராம் நாள் நானே போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்புறம் கேட்டான், "ஷீல்டு இருந்துச்சா?"

"கழட்டிட்டேன் அண்ணா."

"சக்கரத்தை எப்போ இறக்குவ?"

"வாசல் தாண்டி உள்ள போய்."

"வாசலுக்கு வெளியவே இறக்கிடு. சக்கரம் கீழே இருந்தா அந்த வேகப் பொத்தான் வேலையே செய்யாது. இது தெரியாமத்தான் ஓட்டுனியா? நானும் சொல்லிக்கொடுக்கல பாரு."

திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பொங்கலுக்கு வந்தபோது புதுசாக ஒரு பக்கம் எழுதினோம். இனிமேல் எந்தக் கப்பலுக்கும் முதலில் ஷீல்டு, அப்புறம்தான் சரக்கு. கையில் இருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் சரக்கில் போடக் கூடாது. காப்பீட்டுப் பணம் இரண்டு தடவை கட்டும் அளவுக்கு எப்போதும் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த கப்பலாக எதை வாங்குவது என்பதிலும் எங்களுக்குள் சண்டை. எனக்கு 'ஈகிள்' வாங்க ஆசை. 44,800-தான், மூன்று சின்ன ஆயுதம், திரும்புவதில் பம்பரம். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுல சண்டை மட்டுந்தான் போடலாம். தோத்தா எதை வச்சுத் திரும்ப வாங்குவ?" என்றான். 'வைப்பர்' இன்னும் வேகம், ஆனால் 1,42,931. கடைசியில் 'ஆடர்' பக்கம் சாய்ந்தோம். 87,808 கிரெடிட். பார்க்க அழகே கிடையாது, செருப்பு மாதிரி இருக்கும். ஆனால் அதன் தாவல் எஞ்சின் 3-ஆம் அளவு, தொட்டி 8 டன், ஒரு நடுத்தர ஆயுதமும் மாட்டலாம், ஷீல்டை வைத்துக்கொண்டே ஹாலரைவிடக் கூடுதல் சரக்கும் ஏற்றலாம். சண்டை, சரக்கு, பயணம் மூன்றிலும் முதல் மார்க் வாங்காது. எதிலும் பெயிலும் ஆகாது. பழகுகிற காலத்துக்கு இதுதான் சரி என்பது இப்போது என் கருத்தும். ஈகிள் ஆசை இன்னும் போகவில்லை, அது வேறு விஷயம்.

கணக்கில் இன்றைக்கு 61,000 சொச்சம் இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடியும்வரை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு.

உங்களுக்கு ஒரு கணக்கு: ஒரு சைட்வைண்டர் சரக்கு இல்லாமல் 40 டன். 'சி' எஞ்சின், எண் 520. அதில் 2 டன் லேசர்கள் இரண்டு மாட்டியிருக்கிறது. 14 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஒரு நிலையத்துக்கு ஒரே தாவலில் போய், சரக்கு ஏற்றிக்கொண்டு ஒரே தாவலில் திரும்ப வேண்டும். நடுவில் நிற்க நட்சத்திரமே இல்லை. எத்தனை லேசரைக் கழற்ற வேண்டும்? திரும்பும்போது அதிகபட்சம் எத்தனை முழு டன் ஏற்றலாம்? (எரிபொருள் செலவாகி எடை குறைவதைச் சேர்க்க வேண்டாம்.) விடையைத் துண்டுச்சீட்டில் எழுதி, பெயரும் வகுப்பும் போட்டு, நூலக வாசலில் இருக்கும் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். சரியான விடை எழுதியவர்களின் பெயர் அடுத்த தாளில் வரும்.